நாலு பக்கமும் ஒட்டிய கதவு

கதவுக்கு ஒரு பக்கம்தான் பசை வைக்க வேண்டும். ஜூன் மாதத்திலிருந்து ஏழாம் வகுப்பில் இதை எத்தனை தடவை சொல்லியிருப்பாள் என்று ஜெபக்கனி டீச்சருக்கே தெரியாது. சார்ட் அட்டையை உள்ளங்கை அளவுக்கு வெட்டு, இடது ஓரத்தை ஒரு விரல் அகலம் மடி, மடித்த இடத்தில் மட்டும் பசை தடவு, நோட்டில் வைத்து அமுக்கு, பத்து வரை எண்ணு. மற்ற மூன்று பக்கமும் சும்மா கிடக்க வேண்டும், கிடந்தால்தான் கதவு திறக்கும். வலது பக்கம் கதை, இடது பக்கம் கதவு. கதவின் மேல் கேள்வி, கதவுக்குப் பின்னால் பதில். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பயிற்சிக்குப் போனபோது இதற்கு ஊடாடும் குறிப்பேடு என்று பெயர் சொன்னார்கள். பிள்ளைகள் ஒரே வாரத்தில் அதைக் கதவு நோட்டு ஆக்கிவிட்டார்கள். இப்போது, மதியச் சாப்பாடு முடிந்து ஐந்தாவது பீரியடில், அவள் மேஜை மேல் விரிந்து கிடந்த கார்த்தீஸ்வரியின் நோட்டில் கதவு நான்கு பக்கமும் ஒட்டியிருந்தது. பேனாவின் பின்முனையை ஓரத்தில் கொடுத்து நெம்பலாம் என்று தோன்றியது. கொடுக்கவில்லை. தோன்றியதோடு சரி. கதவின் நடுவில் லேசாக ஒரு புடைப்பு இருந்தது. விரலை வைத்துத் தடவினாள். கடுகை விடப் பெரிது, பட்டாணியை விடச் சிறிது. உள்ளே ஏதோ இருக்கிறது. பிள்ளைகள் எதை வேண்டுமானாலும் வைப்பார்கள். போன மாதம் ஒருவன் செத்த பொன்வண்டை உள்ளே வைத்திருந்தான், கதையில் வருகிறவனுக்கு அதுதான் சொத்து என்று விளக்கம் வேறு. இது பொன்வண்டு இல்லை. எதிரே முப்பத்தெட்டுப் பிள்ளைகள் தலையைக் குனிந்து அடுத்த கதவை வெட்டிக்கொண்டிருந்தார்கள். கத்தரிக்கோல் சத்தம், ஒரே கோந்துப் புட்டிக்கு நாலு பேர் அடித்துக்கொள்ளும் சத்தம், ஜன்னலுக்கு வெளியே சத்துணவுக் கூடத்தில் அண்டாவைக் கவிழ்த்துக் கழுவும் சத்தம். இரண்டாவது பெஞ்சில் சுவர் ஓரமாகக் கார்த்தீஸ்வரி. அவளும் வெட்டிக்கொண்டிருந்தாள். கோடு பிசகாமல் வெட்டினாள். அந்தப் பெண் எதையும் கோணலாகச் செய்து ஜெபக்கனி பார்த்ததில்லை. அப்படிப்பட்டவளுக்குக் கதவுக்கு எத்தனை பக்கம் பசை வைப்பது என்று தெரியாமல் போகுமா? போகாது. ஒருவேளை போகலாம். மடித்த இடத்தில் பசை அதிகமாகி மற்ற பக்கங்களுக்கும் பிதுங்கியிருக்கலாம். அப்படியே இருக்கட்டும் என்று நினைத்தாள். நினைத்த உடனே, அப்படி இருக்க வேண்டும் என்று தான் ஆசைப்படுவது அவளுக்கே தெரிந்தது.

மணி ஒன்று ஐம்பத்தைந்து. இரண்டு இருபதுக்குப் பீரியட் முடியும். கால் மணி நேரத்துக்கு முன்னால்தான் தலைமையாசிரியர் சங்கரபாண்டியன் வாசலில் வந்து நின்றுவிட்டுப் போனார். "டீச்சர், நாளைக்குப் பத்தரைக்கு ஆபீஸர் வர்றாரு. உங்க கதவு நோட்டப் பாக்கத்தான் வர்றாருன்னு வைங்களேன். கதவெல்லாம் திறக்குமில்ல?" என்றார். "திறக்கும் சார்." "இல்ல, போன தடவை ஒரு கதவப் பிடிச்சு இழுத்தேன், கையோட வந்துருச்சு. அவருக்கும் அப்படி வந்துரக் கூடாதேன்னு கேட்டேன்." பிள்ளைகள் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். "மணி அடிச்சதும் முப்பத்தெட்டு நோட்டையும் ஆபீஸ் ரூம் மேஜையில அடுக்கிருங்க. காலைல அவசரமில்லாம நானும் ஒரு பார்வை பாத்துக்கிடுவேன்." மனுஷர் கெட்டவரில்லை. எதையும் பிடித்து இழுத்துப் பார்க்கிறவர், அவ்வளவுதான். ஒட்டிய கதவைப் பார்த்தால் இழுப்பார். அவர் விட்டாலும் ஆபீஸர் விட மாட்டார். ஆபீஸர் யாருக்கும் சத்தியம் செய்து கொடுக்கவில்லை. சத்தியம் செய்து கொடுத்தது ஜெபக்கனி.

அது பள்ளிக்கூடம் திறந்த இரண்டாவது வாரம். கதவுக்குப் பின்னால் எழுதச் சொன்னால் எல்லாரும் ஒரே மாதிரி எழுதினார்கள். அவன் வருத்தப்பட்டான், அவள் மகிழ்ச்சி அடைந்தாள், இக்கதையின் மூலம் நாம் அறிவது யாதெனில். பாத்திரம் வாய்விட்டுச் சொல்லாததை எழுது என்றால், பாத்திரம் எதுவுமே சொல்லவில்லை என்று எழுதி வைத்தார்கள். யாரோ பார்க்கப் போகிறார்கள் என்ற பயம். அந்த யாரோ தான்தான் என்பது அவளுக்குப் புரிய ஒரு வாரம் ஆயிற்று. அன்றைக்கு ஏதோ ஒரு வேகத்தில் சொல்லிவிட்டாள். "யாருக்கும் காட்ட வேண்டாம்னு தோணுச்சுன்னா நாலு பக்கமும் ஒட்டிருங்க. ஒட்டின கதவ நான் திறக்க மாட்டேன். சத்தியம்." முன் பெஞ்சு ராபியா எழுந்து நின்றாள். எதையும் கேட்காமல் விடாத பிள்ளை. "மார்க்கு உண்டா டீச்சர்?" "உண்டு." "எழுதலைன்னா உங்களுக்கு எப்படித் தெரியும்?" "தெரியாது. எழுதியிருக்கேன்னு நம்பிக்கிடுவேன்." வகுப்பே அதிசயமாகப் பார்த்தது. அந்த வாரம் பாதிப் பேர் நாலு பக்கமும் ஒட்டிக் கொடுத்தார்கள், உள்ளே ஒன்றுமே எழுதாமல் ஒட்டினவர்கள் பத்துப் பேராவது இருப்பார்கள். அவள் ஒன்றையும் திறக்கவில்லை. எல்லாவற்றிலும் டிக் போட்டாள். மறுவாரம் ஒட்டுகிறவர்கள் குறைந்தார்கள், திறந்த கதவுக்குப் பின்னால் ஆச்சரியமான வரிகள் வர ஆரம்பித்தன. பட்டாசு ஆலையில் சூப்பர்வைசராக இருக்கும் அப்பாவைப் பற்றி ஒருவன் எழுதினான், வீட்டில் அப்பா யாருக்கும் சூப்பர்வைசர் இல்லை என்று. அந்த ஒரு வரிக்காக அவள் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே போனாள். ஆகஸ்டுக்குள் ஒட்டுகிறவர்கள் யாருமே இல்லை. பிறகு, இந்த மூன்று வாரமாக, கார்த்தீஸ்வரி மட்டும். முதல் வாரம் ஒரு கதவு. போன வாரம் இரண்டு. இந்த வாரம் இதோ, இது. ஜெபக்கனி எல்லாவற்றிலும் டிக் போட்டாள். இல்லை, இதில் இன்னும் போடவில்லை. பேனா மூடி திறந்து கையில் இருக்கிறது.

சிவப்புப் பேனா. அதைக் கையில் பிடித்தால் போதும், கண் தானாக ஓட ஆரம்பித்துவிடும், ஒற்று விட்ட இடம், ஒற்று மிகக் கூடாத இடம். இருபத்திரண்டு வருஷப் பழக்கம். பஸ்ஸில் போகும்போது கடைப் பலகைகளைக்கூடத் திருத்திக்கொண்டு போகிறவள் அவள். செண்பகவல்லியின் கட்டுரை நோட்டும் அப்படித்தான் கைக்கு வந்தது, மூன்று வருஷத்துக்கு முன்னால், ஒரு பங்குனி மாத மத்தியானத்தில், நாற்பது நோட்டுகளில் ஒரு நோட்டாக. எட்டாம் வகுப்பு. விருப்பம்போல் ஒரு கதை எழுதுக. ஒரு ஊரில் ஒரு பெண் இருந்தாள் என்று ஆரம்பித்திருந்தது. அவளுக்குப் பதினாலு வயசு. சித்திரை பிறந்தால் அவளுக்குக் கல்யாணம் என்று பேசிவிட்டார்கள். மாப்பிள்ளை மாமன் முறை. அவளுக்கு பிடிக்கவில்லை. முழுக் கதையும் இப்போது நினைவில் இல்லை, அந்தக் கடைசி வரி மட்டும் இருக்கிறது, அவளுக்கு பிடிக்கவில்லை, நடுவில் ஒற்று இல்லாமல். நான்காம் வேற்றுமை உருபுக்குப் பின் வலி மிகும். அவளுக்கு-வுக்கும் பிடிக்கவில்லை-க்கும் நடுவில் ஒரு கூரை போட்டு, கூரைக்கு மேல் சிவப்பில் ப் என்று எழுதினாள். அழகாக எழுதினாள், புள்ளி வைத்து. கீழே பத்துக்கு எட்டரை. கற்பனை நன்று, ஒற்றுப்பிழை தவிர்க்க. கற்பனை நன்று. செண்பகவல்லி நோட்டை வாங்கிக்கொண்டு போய்த் தன் இடத்தில் உட்கார்ந்து அதை விரித்துப் பார்த்ததை அவள் பார்த்தாளா? பார்த்த மாதிரி இருக்கிறது. பார்த்திருக்க மாட்டாள், பார்த்ததாகப் பிற்பாடு மனசு சேர்த்துக்கொண்டது. பிள்ளை முகத்தில் என்ன இருந்தது என்று எவ்வளவு யோசித்தாலும் வருவதில்லை. முகமே வருவதில்லை, அந்தச் சிவப்பு ப் மட்டும்தான் வருகிறது.

ஜூனில் ஒன்பதாம் வகுப்பு வருகைப் பதிவேட்டில் அந்தப் பெயருக்கு நேராக எதுவும் போட முடியவில்லை. ஜூலையில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து ஒரு அம்மா வந்தார், கண்ணாடி போட்டவர், மெதுவாகப் பேசுகிறவர். யாரோ போன் பண்ணிச் சொல்லியிருந்தார்கள், கல்யாணம் முடிந்த பிறகு, காலம் கடந்து. ஆபீஸ் ரூமில் சங்கரபாண்டியன் சார் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். "டீச்சர், அந்தப் பிள்ளை உங்ககிட்ட எதுவும் சொல்லுச்சா? எழுதிக் கிழிதி குடுத்துச்சா?" என்று அந்த அம்மா கேட்டார். எழுதிக் கிழிதி என்று சும்மா வாய்ப்போக்கில்தான் கேட்டார். கட்டுரை நோட்டுகள் அந்த அறையிலேயே பீரோவில் இருந்தன, அந்த அம்மாவின் நாற்காலிக்கு இரண்டடி பின்னால். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று பிள்ளைகளுக்குப் பழமொழி விளக்கம் எழுதச் சொல்லியிருக்கிறாள். மறைக்கிறவள் எந்தப் பக்கம் பார்ப்பாள் என்று அந்த விளக்கத்தில் யாரும் எழுதியதில்லை. "எனக்கு ஒண்ணும் தெரியாது சார்" என்றாள். அந்த அம்மாவைப் பார்த்துச் சொல்லவில்லை, சங்கரபாண்டியன் சாரைப் பார்த்துச் சொன்னாள். அவரும் தலையாட்டினார், பிள்ளைக வீட்டு விஷயம் நமக்கு எப்படித் தெரியும் என்பதுபோல. அன்று சாயங்காலம் அந்த நோட்டை மட்டும் தனியே எடுத்தாள். கிழிக்க நினைத்தாள். கிழிக்கவில்லை. பழைய வருகைப் பதிவேடுகளுக்குப் பின்னால் சொருகி வைத்தாள், இன்னும் அங்கேதான் இருக்கிறது.

அதற்கு மறு வருஷம் பயிற்சிக்குப் பெயர் கொடுத்ததும், சொந்தக் காசில் சார்ட் அட்டை வாங்கியதும், மற்ற டீச்சர்கள் கேலி பண்ணப் பண்ணக் கதவு கதவாக வெட்டிக் காட்டியதும் எதற்கு என்று அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. சொல்ல முடியாததற்கு ஒரு இடம் வேண்டும் என்று நினைத்தாள். இடம் செய்தாள். செய்துவிட்டு, அந்த இடத்தை நான் பார்க்க மாட்டேன் என்று சத்தியமும் செய்தாள். இதென்ன கூத்து? பிள்ளைகளின் மரியாதைக்காகச் செய்த சத்தியம் அது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள், பிறகு நடந்த ஒரு பயிற்சியில்கூடப் பாராட்டினார்கள், நம்பிக்கை என்றார்கள். இப்போது அந்தப் புடைப்பின் மேல் விரலை வைத்துக்கொண்டிருக்கும்போது வேறு மாதிரித் தோன்றியது. படிக்காததைப் பற்றி யாரும் வந்து கேட்க முடியாது. எழுதிக் கிழிதி குடுத்துச்சா? குடுத்தது, ஒட்டிக் குடுத்தது, நான் திறக்கவில்லை, அது எங்கள் வகுப்பு விதி. பொய்கூடச் சொல்ல வேண்டாம். எவ்வளவு வசதி. இல்லை, அப்படி இல்லை, அந்த நிமிஷத்தில் அப்படியெல்லாம் யோசிக்கவே இல்லை. யோசிக்காமல் செய்வதில்தான் மனுஷி கெட்டிக்காரியாக இருக்கிறாளோ என்னவோ. ஆண்டவரே என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள், அதற்கு மேல் ஜெபம் வரவில்லை. மணி இரண்டு மூன்று. நோட்டைப் புரட்டி மற்றப் பக்கங்களைப் பார்த்தாள், வேறு ஏதாவது தெரிகிறதா என்று, வைத்தியர் நாக்கைப் பார்ப்பது மாதிரி. கையெழுத்து மாறவில்லை. தேதி விடவில்லை. ஒரு தாளின் ஓரத்தில் மட்டும் செத்த எறும்பு ஒன்று நசுங்கி ஒட்டியிருந்தது.

எறும்பு. போன வாரமே அந்தப் பிரச்னை வந்தது. "டீச்சர், கார்த்தி நோட்டுல இருந்து எறும்பா வருது, எங்க நோட்டுக்கும் வருது" என்று ஒருத்தி கத்தினாள். "அவ சோத்த வச்சு ஒட்டுறா டீச்சர்" என்று இன்னொருத்தி. "ஏ கார்த்தி, கொஞ்சம் ரசமும் ஊத்திக்கோ" என்று பின் பெஞ்சில் ஒருவன் சொன்னான், வகுப்பு உருண்டது. ஜெபக்கனிக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். கார்த்தீஸ்வரி சிரிக்கவுமில்லை, அழவுமில்லை. நோட்டைத் தட்டி எறும்பை உதறிக்கொண்டிருந்தாள், ஒவ்வொன்றாக. அப்போது அவள் என்ன சொன்னாள்? டீச்சர்தான், ஜெபக்கனிதான், என்ன சொன்னாள்? "சோறு வைக்காத கார்த்தி. எறும்பு வரும். வீட்டுல அம்மாகிட்டச் சொல்லு, மைதாவுல கொஞ்சம் துத்தம் போட்டுக் காய்ச்சித் தருவாங்க. எறும்பு அண்டாது." தீப்பெட்டி ஒட்டின ஊர் இது. எந்த அம்மாவுக்கும் பசை காய்ச்சத் தெரியும். கார்த்தீஸ்வரி நிமிர்ந்து பார்த்தாள். "சரி டீச்சர்" என்றாள். அந்தச் சரிக்கு முன்னால் ஒரு இடைவெளி இருந்தது. இப்போதுதான் அது காதில் விழுகிறது, ஒரு வாரம் கழித்து. அந்த இடைவெளியில் அவள் எச்சில் விழுங்கினாள். விழுங்கினாளா? செண்பகவல்லி முகத்தைச் சேர்த்துக்கொண்ட மாதிரி இதையும் சேர்த்துக்கொள்கிறேனா? சேர்த்துக்கொள்ளாதது ஒன்று இருக்கிறது, கண்ணால் பார்த்தது. இரண்டாம் வகுப்பில் படிக்கும் அவளுடைய தங்கச்சி. எந்தப் பீரியட் மணி அடித்தாலும் ஏழாம் வகுப்பு வாசலில் வந்து அக்காளுக்காக நிற்கும். முன்னெல்லாம் இரண்டு ஜடையும் ரிப்பன் வைத்து அளவெடுத்த மாதிரி இருக்கும். இப்போது ஒரு ஜடை காதுக்கு மேலே, ஒரு ஜடை கழுத்தில். அதைப் பார்த்து ஒரு நாள், "என்னடி, உங்கம்மாவுக்குக் கண்ணு தெரியலையா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். சின்னது அக்காளைப் பார்த்தது. அக்காள் அதன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். இன்றைக்கு மத்தியானம் சத்துணவில் முட்டை. கார்த்தீஸ்வரி முட்டையைத் தின்னவில்லை, டப்பாவில் போட்டு மூடினாள். வீட்டுக்குக் கொண்டு போகக் கூடாது என்று விதி. ஜெபக்கனி பார்த்தும் பார்க்காத மாதிரி வந்துவிட்டாள், அது ஒரு கருணை என்று நினைத்துக்கொண்டு. பார்த்தும் பார்க்காத மாதிரி. எத்தனை கருணை.

இந்த வாரக் கதைதான் காரணமோ? கதை ஒன்றரைப் பக்கம். ஒரு பொம்பளை வயர் கூடையோடு பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருக்கிறாள். முதல் பஸ் வருகிறது, ஏறவில்லை. இரண்டாவது வருகிறது, ஏறவில்லை. மூன்றாவது பஸ்ஸின் கண்டக்டர், "என்னம்மா, ஏறலையா?" என்கிறார். "அடுத்த பஸ்" என்கிறாள். பொழுது சாய்ந்ததும் கூடையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடக்கிறாள், அடுப்பைப் பற்ற வைக்கிறாள், எங்கே போனாய் என்று யாரும் கேட்கவில்லை. முடிந்தது. அவள் ஏன் பஸ் ஏறவில்லை? கதவுக்குப் பின்னால் எழுதுங்கள். ராபியா எழுதியிருந்தாள், கூடையில் மாற்றுத்துணி இருந்தது, அது வீட்டில் யாருக்கும் தெரியக் கூடாது என்று அடியில் வைத்திருந்தாள் என்று. அந்தப் பிள்ளைக்கு அது எப்படித் தோன்றியதோ. ஒருவன், அவளுக்குப் பஸ்ஸில் போனால் வாந்தி வரும் என்று எழுதியிருந்தான். மூன்று பேர், வந்ததெல்லாம் டிக்கெட் பஸ், அவள் பொம்பளைகளுக்குக் காசில்லாத பிங்க் பஸ்ஸுக்காகக் காத்திருந்தாள் என்று எழுதியிருந்தார்கள், ஒருத்தனைப் பார்த்து ஒருத்தன். இதையெல்லாம் படித்துச் சிரித்துக்கொண்டு வந்தவள்தான் இருபத்து மூன்றாவது நோட்டில் நின்றுபோனாள். போன வாரக் கதையில் அம்மா இல்லை. அதற்கு முந்தின வாரக் கதையில் இருந்தாள், ஓரமாக. ஏதோ ஒன்று கோத்துக்கொண்டு வருகிறது, நூலைப் பிடிக்கத்தான் பயமாக இருக்கிறது. பிடித்தால் ஆபீஸர், சங்கரபாண்டியன் சார், மாவட்டத்திலிருந்து அந்தக் கண்ணாடி அம்மா, போன தடவை என்னம்மா சொன்னீங்க? பிடிக்காவிட்டால் மணி அடிக்கும், நோட்டு மேஜைக்குப் போகும், சார் இழுப்பார், நாலு பேர் நடுவில் கையோடு வரும். அப்போது அந்தப் பிள்ளை பார்ப்பது ஆபீஸரை இல்லை. டீச்சரைத்தான் பார்ப்பாள்.

மணி இரண்டு ஒன்பது. நோட்டைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். தாள் மெல்லிசு, அட்டை கனம். பென்சில் எழுத்தின் நிழல் தெரிந்தது, எழுத்து தெரியவில்லை. நாலைந்து வரி. புடைப்பு இருந்த இடம் கறுப்பாக, நீளமாக, அரிசி மாதிரி. நோட்டைக் கீழே வைத்தாள். அவள் கை மேஜையில் கிடந்த ஸ்டீல் ஸ்கேலை எடுத்தது. கைதான் எடுத்தது. ஸ்கேலின் முனை கதவின் மேல் மூலையில் போய் நின்றது, உள்ளே ஒரு நூலளவு போயிற்று, மூலை லேசாகத் தூக்கிக்கொண்டது. "டீச்சர், அது ஒட்டின கதவு!" ராபியா. எப்போது தலையைத் தூக்கினாளோ. அவள் குற்றம் சாட்டிச் சொல்லவில்லை, டீச்சர் கவனிக்காமல் செய்கிறார்கள் என்று நினைத்து எச்சரித்தாள், பால் பொங்குகிறது என்று சொல்வது மாதிரி. கத்தரிக்கோல்கள் நின்றன. முப்பத்தெட்டு முகமும் ஸ்கேலைப் பார்த்தன. கார்த்தீஸ்வரியும் பார்த்தாள். நோட்டின் பழுப்பு அட்டை அவளுடையது என்று அவளுக்குத் தெரியும், மூலையில் எறும்பு அரித்த அட்டை அந்த வகுப்பில் ஒன்றுதான். ஜெபக்கனி அவளைப் பார்த்தாள். ஸ்கேலை எடுத்துவிட்டாள். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லலாம், பிள்ளைகள் நம்பும். "ஆமா ராபியா. தெரிஞ்சுதான் செஞ்சேன். தப்பு" என்றாள். தன் குரல் தனக்கே அந்நியமாக இருந்தது. ராபியா என்ன செய்வதென்று தெரியாமல் தலையைக் குனிந்துகொண்டாள். "எல்லாரும் வேலையைப் பாருங்க."

நோட்டை எடுத்துக்கொண்டு இரண்டாவது பெஞ்சுக்குப் போனாள். நாலு எட்டுத்தான் இருக்கும். அதற்குள் என்ன கேட்பது என்று மனசு ஏழெட்டுக் கேள்விகளை எடுத்து எடுத்துப் போட்டது, எல்லாம் பரீட்சைக் கேள்வி மாதிரியே இருந்தன. பக்கத்தில் இருந்தவளை நகரச் சொல்லிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். சின்ன பெஞ்சு, முழங்கால் இடித்தது. கார்த்தீஸ்வரியின் தலையிலிருந்து எண்ணெய் வாசனை வரவில்லை, வெயில் வாசனை வந்தது.

"கார்த்தி, இது தெரியாம ஒட்டுனதா, தெரிஞ்சு ஒட்டுனதா?"

கார்த்தீஸ்வரி வெட்டிய அட்டையின் ஓரத்தை நகத்தால் நீவிக்கொண்டிருந்தாள்.

"நான் திறக்க மாட்டேன். முன்னாடி சொன்னது சொன்னதுதான். இப்பத் திறக்கப் போனேன், அது என் தப்பு. ஆனா இந்த நோட்டு இப்ப மணி அடிச்சதும் ஆபீஸ் ரூமுக்குப் போகணும். அனுப்பட்டுமா, வேண்டாமா? நீ சொல்லு."

கார்த்தீஸ்வரி நோட்டைப் பார்த்தாள். பிறகு, கதவைப் பற்றி யாரோ விவரம் கேட்ட மாதிரி, மெதுவாகச் சொன்னாள்.

"தண்ணி தொட்டு எடுத்தா வந்துரும் டீச்சர்."

"என்னது?"

"கோந்து இல்ல. சோறுதான். கோந்துன்னா கிழிஞ்சுரும். சோறு, தண்ணி தொட்டாக் கழண்டுக்கிடும்."

மூன்று வாரமாக நாலு கதவு. தண்ணீர் தொட்டால் கழன்றுகொள்ளும் கதவு. டிக் போட்டாள், டிக் போட்டாள். மூடியில்லாத பேனாவின் மை விரலில் சிவப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது, இப்போதுதான் கவனித்தாள்.

"நீயே எடுக்கிறியா?"

கார்த்தீஸ்வரி தண்ணீர்ப் பாட்டில் மூடியில் விரலை நனைத்துக் கதவின் நான்கு ஓரத்திலும் தடவினாள், காயத்துக்கு மருந்து போடுவதுபோல. பத்து வரை எண்ணினாள், உதடு அசைந்தது. மேல் மூலையிலிருந்து உரித்தாள். கிழியாமல் வந்தது. நடுவில் புடைத்திருந்தது ஒரு சோற்றுப் பருக்கை, நசுங்காமல் முழுசாக. பருக்கைக்குக் கீழே பென்சிலில்:

இது நடக்காத கதை. பஸ் வந்தால் ஏறிவிடுவார்கள். எங்க அம்மா ஏறிட்டாங்க. பதினேழு நாள் ஆச்சு. அப்பா லாரியில் லோடு எடுத்துக்கிட்டு நாக்பூர் போயிட்டார். யாரிடமும் சொல்ல கூடாது என்று சொன்னார்.

முதலில் கண்ணில் பட்டது விட்டுப்போன க் ஒற்றுதான். சொல்ல, கூடாது, நடுவில் ஒற்று இல்லை. அகர ஈற்று வினையெச்சத்தின் பின் வலி மிகும். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான் கண்ணுக்குள் போயிற்று, பதினேழு நாள், நாக்பூர், ஏறிட்டாங்க. இருபத்திரண்டு வருஷக் கண். அதைப் பிடுங்கி எறிய முடியாது. பேனா மூடியைத் தேடினாள், மேஜையில் கிடந்தது, பேனாவைப் பெஞ்சில் வைத்தாள். மறுபடி படித்தாள், ஒவ்வொரு சொல்லாக, இந்தத் தடவை எழுத்தைப் பார்க்காமல்.

"வீட்டுல யாரு இருக்கா?"

"நானும் தங்கச்சியும்."

"ராத்திரி?"

"பக்கத்து வீட்டு அத்தை லைட்ட எரிய விடச் சொல்லியிருக்காக. அவுககிட்ட அம்மா ஊருக்குப் போயிருக்குன்னு சொல்லியிருக்கு."

"சோறு யாரு வடிக்கிறா?"

"நான்தான் டீச்சர்." கொஞ்சம் யோசித்துவிட்டு, தப்பை ஒத்துக்கொள்கிற மாதிரிச் சொன்னாள். "குழைஞ்சிருது. எவ்வளவு தண்ணி வைக்கன்னு தெரியல. அதான் நல்லா ஒட்டுது."

ஜெபக்கனி அந்தப் பருக்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதாவது சொல்ல வேண்டும், இப்போது, உடனே. மைதாவில் துத்தம் போட்டு என்பதுதான் நினைவுக்கு வந்தது. கையை நீட்டி அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்தாள். ஈரமாக இருந்தது. விரல் நுனியில் கஞ்சி பட்ட கொப்புளம் ஒன்று, காய்ந்துகொண்டிருந்தது. முன் பெஞ்சிலிருந்து ராபியா திரும்பி, ரகசியம் கேட்கிற குரலில் கேட்டாள், "ஏ கார்த்தி, டீச்சர் திறந்துட்டாகளா?"

"இல்ல" என்றாள் கார்த்தீஸ்வரி. "நான்தான் திறந்தேன்."

மணி அடித்தது. பிள்ளைகள் வெட்டிய அட்டைகளைக் கொண்டுவந்து மேஜையில் போட்டுவிட்டு அடுத்த பீரியடுக்கு மைதானத்துக்கு ஓடினார்கள். அண்டா கழுவும் சத்தம் நின்றிருந்தது. வாசலில் அந்தச் சின்னது வந்து நின்றது, ஒரு ஜடை மேலே, ஒரு ஜடை கீழே. அதற்குப் பின்னால் சங்கரபாண்டியன் சார். மேஜையில் இருந்த நோட்டுகளை விரலால் தள்ளித் தள்ளி எண்ணினார்.

"முப்பத்தேழுதானே டீச்சர் இருக்கு. ஒண்ணு குறையுதே?"

"அது வராது சார். என்கிட்ட இருக்கட்டும். மாவட்டத்துக்குப் போன் பண்ணணும், உங்க ரூமுக்கு வர்றேன். பீரோச் சாவியும் வேணும், பழைய ரெஜிஸ்தருக்குப் பின்னாடி இன்னொரு நோட்டு இருக்கு."

அவர் அவளையும், அவள் பிடித்திருந்த பிள்ளையின் கையையும், பழுப்பு அட்டை நோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பக்கத்தில் வந்து குரலைத் தணித்தார். "எதுக்கு டீச்சர் நமக்கு? ஆபீஸர் வர்ற நேரத்துல? உங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு இருந்துக்கலாம்ல?"

அந்த வாக்கியம் அவள் நாக்கில் தயாராகத்தான் இருந்தது, மூன்று வருஷமாக, தேய்ந்து வழுவழுப்பாக.

"எனக்குத் தெரியும் சார்" என்றாள்.